கோபத்தோடு கவுண்டருக்கு வருபவரை எப்படிச் சமாளிப்பது? யாழ்ப்பாணத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலோ, சேர்விஸ் சென்ரரிலோ, தனியார் கிளினிக்கிலோ, லீசிங் கம்பனியிலோ முன் கவுண்டரில் நிற்கும் வேலை கிடைத்திருக்கிறதா? இது உங்களுக்காகத்தான். நான் நகரத்தில் மின்சாதனப் பொருட்கள் விற்கும் ஒரு காட்சியறையின் சேர்விஸ் கவுண்டரில் நின்றவள். பிரிட்ஜ், வோஷிங் மெஷின், டிவி, போன் என்று பழுதானதெல்லாம் அங்கேதான் வரும். சேர்ந்த அன்று எனக்குத் தந்தது கம்பனி டீசேர்ட்டும் ஒரு ஸ்டேப்ளரும் மட்டும். மிச்சத்தைப் பேச்சு வாங்கி வாங்கித்தான் படித்தேன். நீங்களும் அவ்வளவு பேச்சு வாங்க வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். பொருள் பழுதாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆள் சத்தம் போடுவது பெரும்பாலும் "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னதால்தான். அதனால் கீழே திகதி, பெயர், துண்டு (வந்தவர் கையில் எழுதிக் கொடுக்கும் சிட்டை) என்று திரும்பத் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். கையில் திகதி ஒன்றும் இல்லாமல் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வந்தவருக்குக் கோபம் கூடத்தான் செய்யும்.

1. சேர்ந்த முதல் வாரமே கேட்டு வைக்க வேண்டியவை

மனேஜரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். பொருளை மாற்றிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இருக்கிறதா? காசைத் திருப்பிக் கொடுப்பதென்றால் யார் கையெழுத்து வேண்டும்? நீங்கள் இல்லாத நேரம் நான் யாருக்கு எடுப்பது? மூன்றாவதுதான் முக்கியம். சண்டை வருகிற நேரம் மனேஜர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் நல்லூரில் தேர் என்று போயிருப்பார். பதில்களை வாயால் மட்டும் வாங்காதீர்கள். "சேர், நீங்கள் சொன்னது இப்படித்தானே" என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, அவர் "ஓம்" என்று அனுப்பினால் போதும்.

அடுத்தது வாரண்டி அட்டை. ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், ஒருவரும் வாசிப்பதில்லை. நீங்கள் வாசியுங்கள். பிரிட்ஜ் விற்கும்போது "பத்து வருஷ வாரண்டி" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்து வருஷம் பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டும்தான், மற்றப் பாகங்களுக்கு ஒன்றோ இரண்டோ வருஷம்தான் இருக்கும். இடி மின்னலில் போனதும், கரண்ட் கூடிக் குறைந்து போர்ட் எரிந்ததும் வழக்கமாக வாரண்டிக்குள் வராது. எங்கள் கவுண்டரில் நடந்த சண்டைகளில் பெரிய பங்கு இந்த இரண்டு விஷயத்தில்தான். விற்கிற பக்கம் நிற்கிறீர்கள் என்றால் விற்கும்போதே அட்டையில் பேனையால் தமிழில் எழுதி விடுங்கள்: கொம்பிரசருக்கு இவ்வளவு, மற்றதுக்கு இவ்வளவு.

பிறகு ஒரு சீ.ஆர். கொப்பி, காபன் தாள், திகதி முத்திரை. இதெல்லாம் கடைச் செலவில் வர வேண்டியது. தராவிட்டால் கொப்பியை மட்டும் நீங்களே வாங்குங்கள், அந்தக் காசு வீண் போகாது. ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திகதி, நேரம், பெயர், போன் நம்பர், பில் நம்பர், அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, அடுத்து என்ன செய்வது, எப்போது. இவ்வளவும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2. ஆள் வந்து நின்ற முதல் இரண்டு நிமிடம்

கதிரை கொடுங்கள். நின்றுகொண்டு கத்துகிற மாதிரி இருந்துகொண்டு கத்துவது கஷ்டம். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் சைக்கிளில் வந்தவர் என்றால் முதலில் தண்ணீர். "கத்தாதேங்கோ", "அமைதியா கதையுங்கோ" என்ற இரண்டும் உங்கள் வாயில் வரவே கூடாது. அதைக் கேட்டு அமைதியான ஆளை நான் கண்டதில்லை.

அம்மா, ஐயா, அக்கா, அண்ணா என்று வயதுக்கேற்ற மாதிரிக் கூப்பிடுங்கள். "நீங்கள்" என்று தொடங்கியதை நடுவில் "நீர்" என்று இறக்கி விடாதீர்கள். வெளியூரில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். இங்கே ஐம்பது வயது மனிதரைப் பார்த்து "நீர் முதல்ல பில்லைக் காட்டும்" என்று சொன்னால் பிரிட்ஜ் கதை அதோடு முடிந்து மரியாதைக் கதை தொடங்கிவிடும்.

அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே போகாமல், அவர் பார்க்க எழுதுங்கள். முடிந்ததும் வாசித்துக் காட்டுங்கள்: "மே மாசம் வாங்கினது, ரெண்டு கிழமையா குளிரில்லை, போன கிழமை ஒருத்தர் வந்து பார்த்திட்டு ஒண்டும் சொல்லாமல் போயிட்டார். சரியோ ஐயா?" பாதிப் பேர் இந்த இடத்திலேயே குரலை இறக்கி விடுவார்கள். தான் சொன்னது அப்படியே தாளில் ஏறியிருக்கிறது என்று கண்ட பிறகு திரும்பவும் சத்தமாகச் சொல்லத் தேவையில்லையே.

அப்புறம் ஒரு கேள்வி: "திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ்?" நெடுந்தீவில் இருந்து வந்தவருக்கு பஸ், படகு, பிறகும் பஸ். குறிகட்டுவானில் கடைசிப் படகை விட்டால் இரவு யார் வீட்டிலாவதுதான் தங்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் "பின்னேரம் வாங்கோ" என்று சொன்னால் அவர் ஏசாமல் என்ன செய்வார்? தூரத்தில் இருந்து வந்தவரின் வேலையை முதலில் முடியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காரணத்தைச் சொன்னால் பொறுத்துக்கொள்வார்.

இதில் ஒரு கண்ணி உண்டு. "எந்த ஊர்?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஊரில எந்தப் பக்கம்? ஆற்ற ஆள்?" என்று நீட்டினால் நீங்கள் சாதி பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். நியாயமாகவும் இருக்கும், இங்கே அந்தக் கேள்வி அதற்குத்தான் கேட்கப்படுகிறது. விலாசம் தேவையென்றால் படிவத்தைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

3. என்ன சொல்வது, எதைச் சொல்லக்கூடாது

எங்கள் கவுண்டரில் அடிக்கடி நடக்கிற கதை ஒன்றை அப்படியே தருகிறேன்.

"மூண்டாந்தரம் வாறன் பிள்ளை. பார்ட்ஸ் வரேல்லை, பார்ட்ஸ் வரேல்லை. கொழும்பில இருந்து நடந்தோ வருது?"

"ஐயா, மூண்டுதரம் அலைஞ்சது பெரிய கரைச்சல்தான். இப்ப உங்களுக்கு முன்னாலயே கொழும்புக்கு எடுக்கிறன். இருங்கோ."

எடுத்தேன். அடுத்த கிழமை அனுப்புவோம் என்றார்கள். அதை அப்படியே அவரிடம் சொல்லி, துண்டில் இப்படி எழுதினேன்: "புதன்கிழமை மாலை 4 மணிக்கு முன் நான் உங்களுக்குப் போன் எடுப்பேன். பாகம் வந்தாலும் எடுப்பேன், வராவிட்டாலும் எடுப்பேன். அதுவரை நீங்கள் வரத் தேவையில்லை."

கவனித்தீர்களா? பாகம் வரும் என்று நான் சொல்லவில்லை. அது கொழும்பு ஸ்டோர்ஸின் கையில் இருக்கிறது. போன் எடுப்பது என் கையில் இருக்கிறது. உங்கள் கையில் உள்ளதை மட்டும் வாக்குக் கொடுங்கள், அதை நிமிடம் தவறாமல் செய்யுங்கள். புதன்கிழமை பாகம் வராமலே நீங்கள் போன் எடுத்துப் பாருங்கள், ஆள் ஏசமாட்டார். ஏசினாலும் உங்களை ஏசமாட்டார், கொழும்பைத்தான் ஏசுவார்.

சொல்லக்கூடாதவை: "அது எங்கட செக்‌ஷன் இல்லை." "சிஸ்டத்தில அப்பிடித்தான் காட்டுது." "நீங்கள் வாசிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்கள்?" கடைசியில் உள்ளது சட்டப்படி சரியாகவே இருக்கலாம். அதைச் சொல்லி ஒருவரும் சண்டையில் வென்றதில்லை.

மன்னிப்புக் கேட்பதற்குப் பயப்பட வேண்டாம். அலைய வைத்ததற்கு, காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதால் கம்பனிக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் "எங்கட பிழைதான், புதுசு தாறம்" என்று எழுத்தில் கொடுக்க மனேஜரின் அனுமதி வேண்டும். வாயால் சொன்னால்கூட அடுத்த நாள் "அந்தப் பிள்ளை சொன்னது" என்று உங்கள் தலையில்தான் வந்து விழும்.

இன்னொன்று, உங்கள் கைக்காசைப் போட்டு விஷயத்தை முடிக்காதீர்கள். ஐந்நூறு ரூபா வித்தியாசம்தானே என்று தோன்றும். ஒருதரம் போட்டால் அது உங்கள் கவுண்டரின் வழக்கமாகி விடும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று வேறு கேள்வி வரும்.

4. துண்டு

இதில் மட்டும் சோம்பல் கூடாது. இரண்டு பிரதி எழுதுங்கள், காபன் வைத்தால் ஒரே எழுத்தில் முடிந்துவிடும். தமிழில் எழுதுங்கள். பொருளின் பெயர், சீரியல் நம்பர், கொடுத்த நாள், வெளியே தெரிகிற கீறல் நசிவு எல்லாம், கூட வந்த வயர், ரிமோட், மூடி, செலவு வந்தால் ஆகக்கூடியது எவ்வளவு, அடுத்த தகவல் எந்த நாள், உங்கள் பெயர். இரண்டு பேரும் கையெழுத்து. பொருளை வாங்கும்போதே நான்கு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். "இந்தக் கீறல் முதல்ல இருக்கேல்லை" என்ற சண்டைக்கு வேறு மருந்து இல்லை.

திகதி போடும்போது கலண்டரைப் பாருங்கள். இடையில் போயா வருகிறதா? பொங்கல், தீபாவளி, சித்திரைப் புதுவருஷம்? சித்திரையில் கொழும்பு ஸ்டோர்ஸ் அந்தக் கிழமை முழுக்கவே படுத்துவிடும். கொழும்பு சொன்ன நாளோடு இரண்டு மூன்று நாளைக் கூட்டித்தான் எழுத வேண்டும். முந்தி வந்தால் சந்தோஷம், பிந்தி வந்தால் சண்டை.

தலைமைக் கந்தோரில் இருந்து வருகிற கடிதங்கள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதை நீட்டி "இதில இருக்கு" என்று சொல்லாமல், உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் சொல்லுங்கள். கோபத்தோடு வந்த பல பேர் அந்தக் கடிதத்தை ஏற்கெனவே நாலு பேரிடம் காட்டி, நாலு விதமாகக் கேட்டுக் குழம்பிப் போய்த்தான் வந்திருப்பார்கள்.

5. கனடாவில் இருந்து வருகிற கோபம்

பொருள் இருப்பது கொக்குவிலில், காசு கொடுத்தவர் ஸ்காபரோவில். அம்மா பிரச்சினையை மகனிடம் சொல்லுவார், மகன் உங்களுக்கு எடுப்பார். ரொறன்ரோ நேரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் நாலரை அல்லது ஐந்தரை. ஆகவே அவர்கள் வேலை முடிந்து ஆறுதலாக ஏசுகிற நேரம் நமக்கு இரவோ விடியற்காலையோதான். கடை நேரத்துக்கு வெளியே உங்கள் சொந்த நம்பரில் பதில் சொல்லத் தொடங்காதீர்கள், பிறகு நிறுத்த முடியாது. கடை நம்பரில், காலை கடை திறந்ததும், எழுத்தில் பதில் போடுங்கள். கோபமான குரல்பதிவுக்குக் குரல்பதிவால் பதில் வேண்டாம். உங்கள் குரலில் உள்ள சலிப்பு அதில் ஏறும், அது குடும்ப வட்ஸ்அப் குழுமம் எல்லாம் சுற்றும்.

பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் வாடிக்கையாளர். மகன் என்று சொல்பவரிடம் கணக்கு விபரம் சொல்வதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன் எடுத்து "சொல்லலாமோ?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பிக்குள் வழக்கு இருக்கிற வீடுகளும் உண்டு.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அதன் முன்பின்னும் அந்த மகனே நேரில் வந்து நிற்கக்கூடும். அவருக்கு லீவு குறைவு. போகிற நாளைக் கேட்டுத் துண்டில் எழுதி, அதற்கு முன் முடியுமா முடியாதா என்று அன்றே சொல்லி விடுங்கள்.

6. வீடியோ எடுத்தால், கை ஓங்கினால்

போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்யத் தொடங்கினால் போனைத் தட்டாதீர்கள், முகத்தை மறைக்காதீர்கள். குரலை மாற்றாமல் அதே துண்டு எழுதும் வேலையைத் தொடருங்கள். அடுத்த நாள் பேஸ்புக்கில் வந்தாலும் அதில் தெரிவது ஒருவர் பொறுமையாக எழுதுவதுதான். கமெண்ட்டில் போய் நீங்கள் பதில் போட வேண்டாம், அது கம்பனியின் வேலை.

மேசையில் அடிப்பது வேறு, ஆளை அடிக்க வருவது வேறு. இரண்டாவது தொடங்கினால் கவுண்டரை விட்டுப் பின்னால் போங்கள், 119 க்கு எடுங்கள். வெறியில் வந்தவரோடு நியாயம் கதைக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு: கையைப் பிடிப்பது, நம்பர் கேட்டுத் தொந்தரவு செய்வது, அசிங்கமாகப் பேசுவது எல்லாம் வாடிக்கையாளர் கோபம் என்ற கணக்கில் வராது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம், செய்தவர் வேலையிடத்தில் மேலதிகாரியாக இருந்தாலும் குற்றம்தான். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். கொப்பியில் அன்றே எழுதி வையுங்கள்.

7. "நான் அதிகாரசபைக்குப் போறன்" என்றால்

பயப்படவும் வேண்டாம், "போங்கோ" என்று சவால் விடவும் வேண்டாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பில்லின் பிரதி வேண்டும். பில் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. தொலைத்து விட்டார் என்றால் கணினியில் இருந்து இன்னொரு பிரதி எடுத்துக் கொடுங்கள். இதை நீங்களே அமைதியாகச் சொன்னால், மறைக்க ஒன்றும் இல்லை என்று அவருக்குப் புரியும். "சரி, புதன்கிழமை மட்டும் பாப்பம்" என்று சொல்லிப் போனவர்கள்தான் அதிகம்.

8. கூட வேலை செய்பவரோடு

வாடிக்கையாளர் சண்டை அரை மணித்தியாலத்தில் முடியும். இது மாதக்கணக்கில் ஓடும். கொமிஷன் யாருக்கு, சனிக்கிழமை லீவு யாருக்கு, நான் எழுதிய துண்டை யார் பார்க்காமல் விட்டது, இப்படித்தான் தொடங்கும். சின்னக் கடை என்றால் ஒருவர் முதலாளியின் மருமகனாகவும் இருப்பார்.

ஆட்களுக்கு முன்னால் தொடங்காதீர்கள். அன்றே, கடை பூட்டிய பிறகு, தனியே, நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்" என்று பழைய கணக்கைக் கிளறினால் இரவு முழுக்க நின்று கதைக்க வேண்டிவரும். கடையின் வட்ஸ்அப் குழுமத்தில் குத்திப் போடாதீர்கள். வீட்டில் சொல்லும்போதும் கவனம். உங்கள் அம்மா கோயிலில் அவருடைய அம்மாவைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஒரு துண்டுப் பிரச்சினை இரண்டு வீட்டுப் பிரச்சினையாகிவிடும். இரண்டுதரம் நேரில் பேசியும் சரிவராவிட்டால் மனேஜருக்கு எழுத்தில் கொடுங்கள், கொப்பியில் உள்ள திகதிகளோடு.

9. முதலாளியோடு சண்டை வந்தால்

இதற்கான ஆயத்தம் சண்டை வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். நியமனக் கடிதம் வாங்குங்கள். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும். சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்குச் சம்பளம். சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்களிடம் 8 சதவீதம் வெட்டியிருக்கும், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு அவர் தனியே 3 சதவீதம். "புரொபேஷன் முடியட்டும், பிறகு ஈ.பி.எஃப். போடுறன்" என்று சொன்னால் அது சட்டத்தில் இல்லாத கதை, முதல் நாளில் இருந்தே போட வேண்டும்.

வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட நட்டத்தை உங்கள் சம்பளத்தில் வெட்டுகிறோம் என்றால் உடனே வாக்குவாதப்பட வேண்டாம். "எந்தத் திகதி, எவ்வளவு, எதற்காக" என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். உங்கள் சம்மதம் என்று எந்தத் தாளிலும் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு மறுநாள் பதில் சொல்லலாம். கோபத்தில் இராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கண்ணி. "எழுதித் தந்திட்டுப் போ" என்று அவர் சொல்வார். எழுதினால் நீங்களாகவே விலகினீர்கள் என்று ஆகிவிடும்.

பேசித் தீராவிட்டால் யாழ்ப்பாணத்திலேயே தொழில் திணைக்களத்தின் கந்தோர் இருக்கிறது. முறைப்பாடு கொடுக்கக் கட்டணம் இல்லை, செலவு போட்டோக் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும்தான். அடையாள அட்டை, நியமனக் கடிதம், கடைசிச் சில மாதச் சம்பளச் சிட்டைகள், சம்பளம் வங்கிக்கு வந்ததென்றால் பாஸ்புக், முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளின் அச்சுப் பிரதி, உங்கள் கொப்பி எல்லாம் கொண்டு போங்கள். மூலப் பிரதிகளைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டுப் போட்டோக் கொப்பியைக் கொடுங்கள். கொடுத்ததற்கு உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். நியமனக் கடிதமே இல்லை என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட வேண்டாம், சம்பளம் வந்த வங்கிப் பதிவும் வேலை செய்ததற்குச் சான்றுதான்.

வேலையால் நிறுத்தினால் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் இருக்கிறது, நிறுத்திய நாளில் இருந்து. முதலாளி "கொஞ்சம் பொறும், திரும்ப எடுப்பம்" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆறு மாதத்தைக் கடத்திவிடுவார். தொழில் கந்தோரில் பேச்சு நடக்கிறதே என்று நம்பியும் இதைத் தவற விடாதீர்கள். ஐந்தாம் மாதம் தொடங்கும் நாளைக் கலண்டரில் குறித்து வைத்து, அதற்கு முன் ஒரு சட்டத்தரணியையோ தொழிற்சங்கத்தையோ பார்த்து விடுங்கள்.